ஜரிகைக்குக் கொடுத்த இடம்

இருங்க சார், இந்த டிவிடி தட்டை மெஷின்ல போடுறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கேன். இது உங்க கைக்கு எப்படி வந்துச்சு?

தப்பா ஒண்ணும் இல்ல. மேல பச்சை மார்க்கர்ல ‘புஷ்பம் திருமணம்’னு எழுதியிருக்குல்லா, அது என் எழுத்து. புள்ளிய இப்படி வட்டம் வட்டமாப் போடுறவன் கடையத்துல நான் ஒருத்தன்தான். பதினாலு வருஷம் ஆச்சு. மார்க்கர் கூட அழியல பாருங்க.

ஓ, மாப்பிள்ளையோட தம்பியா நீங்க? சங்கரன்கோவில்ல இருந்தா வாரிய? அப்ப பேச்சிநாதன் உங்க அண்ணனுக்கு மச்சினன். பொண்ணு கூடப் பொறந்தவன். அவனா அனுப்பினான் உங்கள?

இல்லையா. அதானே, அவன் எப்படி அனுப்புவான். இந்தக் கடைக்கு முன்னால தெனமும் போறான் சார். இந்தப் பக்கம் வேப்பமரத்து நெழலு இருக்கு. ஆனா ரோட்டுக்கு அந்தப் பக்கமாத்தான் போவான், மண்டையப் பிளக்குற வெயில்ல. என் நெழல்ல நடந்தா அவன் கௌரவம் கொறஞ்சு போயிரும். போகட்டும். உக்காருங்க.

என்ன செய்யணும்? தளவாய் மாமா முகம் தெளிவா வரணுமா. புஷ்பமும் உச்சி அத்தையும் சொல்லி விட்டாவளா. புஷ்பத்தோட அப்பாதான் தளவாய் மாமா, உங்க அண்ணனுக்கு மாமனாரு. போட்டோ இருக்குமே அத்தைகிட்ட? ஆமா, ஆமா. போட்டோவுல மாமா சிரிக்க மாட்டாரு. முன்பல்லு ஒண்ணு கெடையாது. போட்டோக்காரனைக் கண்டா வாயை இறுக்கி மூடிக்கிட்டு போலீஸ்காரன் மாதிரி நிப்பாரு. அத்தைக்கு அவரு சிரிச்ச முகத்தைப் பாக்கணும். நியாயந்தான்.

ஆனா உள்ளதைச் சொல்லிடுதேன். இதுல இருந்து தெளிவு வராது. தட்டுல ஏறாத முகத்தை எந்த மெஷினும் கொண்டு வர முடியாது. பென்டிரைவ்ல காப்பி போட்டுத் தாரேன். கீறல் கெடக்கு, நாப்பது நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் என் கதையவும் கேளுங்க. உங்க வீட்டுல என்னையப் பத்தி ஒரு கதை ஓடியிருக்கும்லா. மணிப்பய தொழில்ல ஏமாத்திட்டான்னு. யாரு யாரை ஏமாத்தினதுன்னு நீங்களே சொல்லுங்க.

என் பேரு வைகுண்டமணி. அவன் பேச்சிநாதன். ரெண்டு பேரையும் பாதிப் பாதி வெட்டி ஒட்டி ‘மணிநாதன் வீடியோஸ்’னு போர்டு மாட்டினோம். ஒரே தட்டுல சாப்பிட்டவங்க சார் நாங்க. அவன் கேமரா. பக்கத்துல லைட்டு பிடிக்கிறது நான். அப்புறம் கம்ப்யூட்டர்ல உக்காந்து மிக்சிங் பண்ணி தட்டுல ஏத்துறதும் நான்தான். கேமரா பிடிக்கிறவனுக்குத்தான் கல்யாண வீட்டுல மரியாதை. லைட்டு பிடிக்கிறவனை ‘தள்ளி நில்லுப்பா’ம்பான். அதை நான் பெருசா எடுத்துக்கிட்டதில்ல.

தட்டுல ஏத்துறதுன்னா என்னமோ பட்டனைத் தட்டினா ஆச்சுன்னு நெனைப்பாவ. அது மூணு பேரைக் கட்டி மேய்க்கிற குடும்பம் மாதிரி சார். படம் தெளிவா இருக்கணும். ஒரே தட்டுக்குள்ள அடங்கணும். எவன் வீட்டு ஓட்டைப் பிளேயர்ல போட்டாலும் ஓடணும். ரெண்டைச் சமாதானப்படுத்தினா மூணாவது மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடும்.

தட்டுல எடம் நாலு புள்ளி ஏழு ஜிபி. அதுக்கு மேல ஒரு பொட்டு போட முடியாது. ஒரு மணி நேரப் படம்னா அள்ளிக் கொடுக்கலாம். மூணு மணி நேரம்னா பந்தியில சாம்பாரு பத்தாத கதைதான், நிரவிப் பரிமாறணும். அதுக்காக எல்லா எலைக்கும் ஒரே அளவு ஊத்துறவன் தொழில் தெரியாதவன். அசையாம உக்காந்திருக்கிற ஆளு, வெறும் பந்தல், இதுக்கெல்லாம் கொஞ்சம் எடம் போதும். கூட்டம், புகை, பூ பறக்கிறது, பொடிசாப் பொடிசா மின்னுறது, இங்கதான் அதிகம் கொடுக்கணும். கொடுக்கலன்னா படம் கட்டம் கட்டமா உடைஞ்சு போவும். எங்க எவ்வளவுன்னு நான் கையாலயே வைப்பேன். துண்டு துண்டா வெட்டி, இந்தத் துண்டுக்கு இவ்வளவு, அந்தத் துண்டுக்கு அவ்வளவுன்னு. தென்காசியில கூட அப்படிச் செய்ய ஆளு கெடையாது.

செஞ்சு முடிச்ச தட்டை சொர்ணத்தக்கா வீட்டுக்குக் கொண்டு போவேன். ஏன்னா இந்த ஊர்லயே மோசமான பிளேயர் அக்கா வீட்டுலதான் இருந்துச்சு. சீனா மெஷினு. மூடி மூடாது, மேல உப்பு ஜாடியத் தூக்கி வச்சாத்தான் சுத்தும். அதுல ஓடிட்டா எதுலயும் ஓடும்னு கணக்கு. அங்க எப்பவும் ஆறேழு பொம்பளைங்க பீடி சுத்திக்கிட்டு இருப்பாவ. முறம் மடியில, கண்ணு டிவியில. கை பாட்டுக்கு இலையைச் சுருட்டும். எந்த வீட்டுக் கல்யாணமா இருந்தாலும் கல்யாண வீட்டுக்காரங்களுக்கு முன்னால இவங்க பாத்துருவாவ. ஒரு குத்தம் இருந்தா விட மாட்டாவ. ‘ஏ மணி, பொண்ணுக்கு மூக்கு ரெண்டாத் தெரியுது பாரு’ம்பா அக்கா. நான் திரும்ப வந்து சரி பண்ணுவேன்.

உங்க அண்ணன் கல்யாணம் ரெண்டாயிரத்து ஒம்பது, தை மாசம். அந்த மாசம் மட்டும் எங்களுக்குப் பதினேழு கல்யாணம். காலையில முகூர்த்தம், சாயங்காலம் வரவேற்பு, எல்லாமாச் சேந்து மூணு மணி பத்து நிமிஷம் வந்துச்சு. ரெண்டு தட்டாப் போடுதேன் அத்தைன்னேன். உச்சி அத்தை என்ன சொன்னாவ தெரியுமா? ‘கல்யாணத்தை ரெண்டாப் பிரிக்கப் போறியால? வாயக் கழுவு! எம்மவ கல்யாணம் ஒரே தட்டுலதான் இருக்கணும்.’ சரி, கொஞ்சம் வெட்டுதேன்னேன். ‘எந்தச் சொந்தக்காரனைல வெட்டுவ?’ன்னாவ.

ரெட்டை அடுக்குத் தட்டுன்னு ஒண்ணு உண்டு, ரெண்டு மடங்கு கொள்ளும். மதுரையில இருந்து வரவச்சு அதுல ஒண்ணு போட்டு உங்க வீட்டுக்குக் கொடுத்து விட்டோமே, ஞாபகம் இருக்கா? ஒரு அடுக்கு முடிஞ்சு அடுத்த அடுக்குக்குத் தாவுற எடத்துல நின்னு போச்சு. உங்க அண்ணன் மாலையும் கையுமா அப்படியே செலையா நின்னாராம். உங்கம்மா அபசகுனம்னு அழுது, அந்தத் தட்டையே உடைச்சுப் போட்டுட்டாவளாம். உங்க வீட்டு பிளேயர் கோளாறு சார் அது, தப்பா நெனைக்காதிய. சிரிக்கிய. அன்னைக்கு எனக்குச் சிரிப்பு வரல.

ஆக, ஒரே தட்டு, அதுவும் ஒத்தை அடுக்கு. மூணு மணி பத்து நிமிஷம். பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்தேன். எல்லாருக்கும் நியாயமாத்தான் கொடுத்தேன். என் மனசறிஞ்சு நான் ஒரு ஓரவஞ்சனையும் செய்யல.

பேச்சியோட தாய்மாமன் மக ஒருத்தி இருந்தா, பிரேமகனின்னு. பேரு கூட எனக்கு அப்புறந்தான் தெரியும். அவகூட நான் மொத்தமே ரெண்டு தடவைதான் பேசியிருக்கேன். ஒருக்க மணி என்னன்னு கேட்டா, பதினொண்ணு இருபதுன்னேன். இன்னொருக்க ‘லைட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க, கண்ணு கூசுது’ன்னா. தள்ளிப் பிடிச்சேன். அவ்வளவுதான் எங்களுக்குள்ள.

அன்னைக்கு அவ கட்டியிருந்தது மயில்கழுத்து நெறத்துல பட்டு. ஒடம்பு பூரா பொடி ஜரிகை, தலை கொள்ளாமக் கனகாம்பரம். ஜரிகையப் பத்தி உங்களுக்குத் தெரியாது சார். அது ஒரு எமன். ஆளு லேசா அசைஞ்சாலும் ஆயிரம் புள்ளி மின்னும். அதுக்கு உண்டானதைக் கொடுக்கலன்னா சேலை சேறாத் தெரியும். அதனால அவ வர்ற துண்டுக்கெல்லாம் கொஞ்சம் கூட வச்சேன். தொழில் நியாயம்தானே? கல்யாணப் பொண்ணும் ஜரிகைதான் கட்டியிருந்தா, இல்லங்கல. அவ உக்காந்த எடத்துலயே இருந்தா. இவ அங்கயும் இங்கயும் நடந்துக்கிட்டே இருந்தா.

தாலி கட்டுற எடம் இருக்கே, அங்க புகை, அட்சதை பறக்கு, நாலு பக்கமும் பிளாஷ் அடிக்கான். எவ்வளவு கொட்டினாலும் அங்க பத்தாது. பத்தாத எடத்துல போய்க் கொட்டுவானேன்னு கொஞ்சம் கொறைச்சேன்.

தட்டை சொர்ணத்தக்கா வீட்டுல போட்டேன். நிக்காம ஓடுச்சு. எனக்குக் கோயில் கட்டி முடிச்ச நிம்மதி. ஒரு மணி நேரம் போயிருக்கும். அக்கா கை பீடியில நின்னு போச்சு. ‘ஏ மணி, இந்தப் புள்ள வாரப்ப மட்டும் டிவி கண்ணாடி போட்ட மாதிரி தெளியுதே, ஏம்ல?’ன்னா. நான் ஜரிகைன்னேன். ஒருத்தி, ‘ஓகோ, ஜரிகையா’ன்னா. இன்னொருத்தி, ‘இந்தா, அவ போயிட்டா, மங்கிருச்சு. இந்தா, வந்துட்டா, வெளிச்சம்!’னு எண்ணவே ஆரம்பிச்சுட்டா. ஏழு பேரும் முறம் குலுங்கச் சிரிக்காவ. அந்த ஏழு பேர்ல ஒருத்தி பிரேமகனிக்குப் பெரியம்மா முறை. எனக்கு எப்படித் தெரியும்? நெத்தியிலயா எழுதியிருக்கு?

அக்கா வெளிய வந்து, ‘மணி, இதை அப்படியே கொடுக்காத. தாலி கட்டுறது ஒண்ணும் வெளங்கல, அதைச் சரி பண்ணிக் கொடு’ன்னா. பண்ணியிருக்கலாம். திரும்பப் போட ரெண்டு நாளு ஆகும். அடுத்த கல்யாணம் வரிசையில நிக்கி. தட்டு ஓடுதுல்லா, அது போதும்னு கொடுத்துட்டேன்.

மாமா பங்குனியில செத்துப் போனாரு. வயல்ல இருந்து வந்து, தண்ணி கேட்டு, சொம்பு வாங்குறதுக்குள்ள சாஞ்சுட்டாரு. நான் அழுதேன் சார். எனக்கு அப்பா சின்ன வயசுலயே போயிட்டாரு. மாமாதான் ‘லைட்டுக்காரனுக்கும் எலை போடுங்கடா’ம்பாரு, ஒவ்வொரு கல்யாணத்துலயும்.

பதினாறாம் நாளு. நீங்க வரல அன்னைக்கு, உங்க அண்ணன் இருந்தாரு. அத்தை ‘அவுக மொகத்தைப் பாக்கணும், தட்டைப் போடுங்க’ன்னாவ. அம்பது பேரு கூடத்துல உக்காந்திருக்கோம். மாமா தாரை வார்த்துக் கொடுக்கிற எடம் வந்துச்சு. அப்புறம் தாலி. அட்சதை பறந்துச்சு. மாமா முகம் கட்டம் கட்டமா, செங்கல் அடுக்கின மாதிரி. அத்தை எந்திரிச்சுப் போயி டிவிக்கிட்ட உக்காந்து, முந்தானையால அந்தக் கண்ணாடியத் தொடைச்சாவ. அழுக்குன்னு நெனைச்சுட்டாவ சார். தொடைச்சுத் தொடைச்சுப் பாக்காவ.

சரியா அடுத்த துண்டுல அவ வந்தா. பன்னீர் செம்போட. கனகாம்பரத்துல ஒவ்வொரு பூவும் எண்ணுற மாதிரி. பேச்சி என் பக்கம் திரும்பினான். ‘எங்கப்பாவ எங்கல போட்ட?’ன்னான். அவ்வளவு பேருக்கு முன்னால. கத்தல. மெதுவாத்தான் கேட்டான். அடிச்சிருந்தாக் கூடத் தேவல.

தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்லா? பத்து வருஷம் கூடச் சுத்தினவன், என் பக்கம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்லா? பிரேமகனியோட அப்பா அங்கனதான் உக்காந்திருந்தாரு. என்னைய மேல கீழ பாத்தாரு. அந்த ஒரு கேள்வியில என்னைய ஊருக்கே காட்டிக் கொடுத்துட்டான். அதுக்குப் பேரு துரோகம்தானே?

ஒரிஜினல் டேப்பைக் கேட்டான். டேப்பு எங்க இருக்கு? நாங்க ஒரு டேப்புல நாலு கல்யாணம் எடுக்கிறவங்க. முதல் கல்யாணத்தை அழிச்சு அதுக்கு மேலயே ரெண்டாவது. அந்த டேப்புல மேல எடுத்தது யாரு? அவன்தான் சார்! அடுத்த வாரமே ரவணசமுத்திரத்துல ஒரு கல்யாணம், அவனே கையால போட்டு எடுத்தான். அதை யாராவது கேட்டாவளா? நான் மட்டும் குத்தவாளி.

அன்னைக்குப் போனவன்தான். போர்டுல என் பேரு மட்டும் இருக்கட்டும்னு ‘நாதனை’ச் சொரண்டிட்டேன். ஆழ்வார்குறிச்சியில தனியாக் கடை போட்டான். அதோட நின்னானா? ரெண்டு வருஷம் கழிச்சு அவளையே கட்டினான். பிரேமகனியவே. இதுக்கு என்ன சொல்லுதிய?

முறைப்பொண்ணுதான். எனக்குத் தெரியாதா? ஆனா முறை இருந்தாப் பேசி முடிச்சதா அர்த்தமா? வெத்தலை பாக்கு மாத்தினாவளா? ‘ஏல மணி, இவ எனக்குன்னு இருக்கா’ன்னு ஒரு வார்த்தை சொன்னானா? எல்லாருக்கும் தெரியும்னாவ பெறகு. எல்லாருக்கும் தெரிஞ்சது எனக்கு மட்டும் எதுக்குத் தெரியல? நானும் அவன்கிட்ட ஒண்ணும் சொல்லல, சரி. அது வேற. சொல்ல இருந்தேன். சீசன் முடியட்டும்னு இருந்தேன். அவனை விட்டே அவ அப்பாகிட்டப் பேசச் சொல்லலாம்னு இருந்தேன். என் கூடப்பொறப்பு மாதிரி நெனைச்சிருந்தேன் சார் அவனை.

தண்ணி குடிங்க. பென்டிரைவ்ல பாதி ஏறிருச்சு.

என்ன கேட்டிய? ஒரிஜினல்ல ஒண்ணுமே மிஞ்சலையா? கம்ப்யூட்டர்ல இருந்ததையும் அழிச்சாச்சு, அடுத்த கல்யாணத்துக்கு எடம் வேணும்லா.

ஒரு துண்டு இருக்கு. ஏழு செகண்ட். அதுல மாமா கெடையாது. அது டெஸ்டுக்காக வச்சிருக்கேன். புதுசா எந்த சாஃப்ட்வேர் வந்தாலும் முதல்ல இதைப் போட்டுப் பாப்பேன், ஜரிகை உடையுதா இல்லையான்னு. நாலு கம்ப்யூட்டர் மாத்திட்டேன், இதை மட்டும் ஒவ்வொண்ணுக்கும் தூக்கிட்டு வந்துட்டேன். தொழிலுக்கு வேணும்லா. காட்டுதேன். பாத்துட்டுச் சொல்லுங்க, இதுக்கு நான் கூடக் கொடுத்தது தப்பான்னு.

இந்தா. பன்னீர் செம்போட நிக்காளா. ஜரிகையப் பாத்தியளா? இப்பத் திரும்புவா. பேச்சி கேமராவோட நிக்கான், அவனுக்கு எடது பக்கம் லைட்டோட நான். திரும்பிட்டாளா. இந்தா, சிரிக்கா. மத்த பொண்ணுங்கள்லாம் கேமராவைப் பாத்துதான் சிரிக்கும். இவ கேமராவைப் பாக்கல. அதுக்கு எடது பக்கம், ஒரு சாண் தள்ளிப் பாக்கா. நேரா நான் நிக்கிற பக்கம். லைட்டுக்காரனைப் பாத்து யாரு சார் சிரிப்பா? பொய்யா சொல்லுதேன்? இன்னொருக்கப் போடுதேன்.

என்ன? எதை நிறுத்தணும்? பின்னாலயா?

அது யாரோ ஒரு ஆளு. வேட்டி சட்டையில ஒருத்தரு நிப்பாரு அவ தோளுக்குப் பின்னால. எனக்குத் தெரியும், எப்பவும் நிப்பாரு.

இருங்க. நிறுத்திட்டேன்.

ஐயோ.

சார், மாமா சார். தளவாய் மாமா. வாயைத் தெறந்து சிரிக்காரு. பல்லு இல்லாத எடம் கூடத் தெரியுது. அவளுக்குத்தான் ஏதோ சொல்லுதாரு பின்னால இருந்து. பாருங்க, இவரு வாய் அசையுது, அப்புறந்தான் அவ சிரிக்கா. மருமவளைக் கேலி பண்ணுதாரு. கேமராக்காரனைக் கையக் காட்டிக் கேலி பண்ணுதாரு.

பேச்சி கேமராவை வலது தோள்லதான் வைப்பான். வலது தோள்ல வச்சா, அவன் முகம் கேமராவுக்கு எடது பக்கம், ஒரு சாண் தள்ளில்லா இருக்கும்.

ஒண்ணும் இல்ல சார். கண்ணுல ஏதோ தூசி. பதினாலு வருஷம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை பாத்திருப்பேன்னு எனக்கே தெரியாது. எலை போடுங்கடான்னு சொன்ன மனுசன், கண்ணுக்கு முன்னால நின்னு சிரிச்சிருக்காரு. யாரோ ஒரு ஆளுன்னு இருந்திருக்கேன். அத்தையாவது கண்ணாடியத் தொடைச்சுப் பாத்தாவ. நான் அதுவும் செய்யல.

சரி. ஏழு செகண்ட் இருக்கு, அத்தைக்குப் போதும். திரும்பத் திரும்ப ஓடுற மாதிரிப் போட்டுத் தாரேன். ஆனா மாமா முகம் பெருசாத் தெரியணும்னா முன்னால நிக்கிறவளை வெட்டணும். வேற வழி இல்ல, ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு ஒருத்தரைப் பெருசாக்க முடியாது. இந்தா, கோடு போடுதேன். செம்பு போச்சு. கனகாம்பரம் போச்சு. இன்னும் கொஞ்சம், காதோரம் தெரியுது. போச்சு.

பாருங்க, சிரிக்காரு.

இந்தாங்க பென்டிரைவ். உச்சி அத்தைகிட்ட மணி கொடுத்தான்னு சொல்லுங்க. பேச்சி பாத்தான்னா எந்தத் துண்டுன்னு உடனே கண்டுபிடிச்சுருவான், அவன் எடுத்த படம்லா. முன்னால நின்னவ எங்கன்னு கேப்பான். மணி வெட்டிட்டான்னு சொல்லிருங்க.